நத்தையில் புதுப் பேரினம் என்று எதை வைத்து முடிவுசெய்கிறார்கள்?

கேள்வி இது: "புதிய நிலநத்தைப் பேரினம் கண்டுபிடிப்பு என்று செய்தி வருகிறது. படத்தில் பார்த்தால் சாதாரண நத்தை மாதிரிதான் இருக்கிறது. புது இனம் என்று நிறுத்திக்கொள்ளாமல் பேரினம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? டி.என்.ஏ.வில் இத்தனை சதவீதம் வேறுபட்டால் பேரினம் என்று கணக்கு உண்டா? டி.என்.ஏ. இருக்கும்போது நத்தையை அறுத்துப் பார்ப்பது எதற்கு?"

சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. பலரும் உண்டு என்று நம்பிக்கொண்டிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனம் என்றாலாவது, இரண்டும் கலந்து வளமான குஞ்சு பொரிக்குமா, பொரிக்காதா என்று கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பேரினத்துக்கு அதுவும் இல்லை. பரிணாம மரத்தில் ஒரு கிளையைக் காட்டி, "இங்கிருந்து மேலே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்" என்று நாம் போடும் கோடுதான் பேரினம். ஆனால் அந்தக் கோட்டை இஷ்டப்பட்ட இடத்தில் போட முடியாது. எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதில்தான் உடற்கூறும் மரபணுவும் வருகின்றன.

முதலில் நத்தையின் ஓட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தொல்லையும் ஆரம்பிப்பது அங்கேதான்.

உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் உருண்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தைகளில் பெரும்பாலானவற்றை ஹீலிக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் உலகின் எந்த மூலையிலிருந்து வட்டமான ஓடு வந்தாலும் அதற்குள்ளேயே தள்ளினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அது ஒரு குப்பைக்கூடை மாதிரி நிறைந்துகொண்டே போனது. இன்று ஹீலிக்ஸ் என்பது ஐரோப்பாவையும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். மீதி எல்லாம் வெவ்வேறு குடும்பங்களுக்குப் போய்விட்டன.

ஏன் இப்படி ஆயிற்று? நத்தையின் ஓடு அதன் வம்சத்தைச் சொல்வதைவிட அது வாழும் இடத்தைத்தான் அதிகம் சொல்கிறது. பாறை இடுக்கில் நுழைந்து வாழ வேண்டிய நத்தைக்குத் தட்டையான ஓடு வசதி. அதனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல வம்சங்களில் தட்டை ஓடு தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, பெரும்பாலும் விளிம்பில் கத்திமுனை போன்ற ஒரு கூர்மடிப்புடன். இதைவிடப் பளிச்சென்ற சான்று வேண்டுமென்றால் ஓடே இல்லாத நத்தைகளைப் பாருங்கள். ஓடு சிறுத்து, உடலுக்குள் புதைந்து, கடைசியில் இல்லாமலே போவது நிலநத்தைகளின் வரலாற்றில் பல தடவை நடந்திருக்கிறது. ஓடில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றையெல்லாம் ஒரே கூட்டத்தில் சேர்த்தால், வழுக்கை விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொன்ன கதையாகிவிடும்.

அதற்காக ஓட்டைத் தூக்கி எறிந்துவிட முடியாது. நத்தை முட்டைக்குள் இருக்கும்போதே உருவாகும் முதல் சுருளின் மேல் உள்ள நுண்ணிய வரிகளும் குழிகளும் பெரும்பாலும் நிலையானவை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சில கூட்டங்களை அதை வைத்தே பிரித்துவிடலாம். ஓட்டின் வாய்க்குள்ளே, உட்சுவரில், சில நத்தைகளுக்குப் பல் மாதிரியும் தகடு மாதிரியும் தடுப்புகள் இருக்கும். முன்பெல்லாம் அதைப் பார்க்க ஓட்டை உடைக்க வேண்டும். இப்போது நுண் சி.டி. ஸ்கேன் போதும். அப்புறம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர் வைக்கப்பட்ட ஏராளமான நத்தைகளுக்கு அருங்காட்சியகத்தில் இருப்பது வெறும் ஓடு மட்டுமே. அந்தப் பெயர்களோடு பேச வேண்டுமென்றால் ஓட்டின் மொழி தெரிந்தே ஆகவேண்டும்.

சரி, உள்ளே போவோம்.

உயிரோடு இருக்கும் நத்தையை நேரே எத்தனாலில் போட்டால் ஒரே இழுப்பில் உள்ளே சுருங்கி, கல் மாதிரி இறுகிவிடும். அதை அறுத்தால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் முதலில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடி, ஒரு இரவு விடுவார்கள். கொதித்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. நத்தை தலையையும் பாதத்தையும் முழுதாக நீட்டியபடியே இறந்துபோகும். கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் நீண்ட நத்தைதான் அறுக்கத் தோதான நத்தை. எத்தனாலுக்குள் போகும் முன்பே பாதத்திலிருந்து அரிசிமணி அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தனிக் குப்பியில் போட்டுவிட வேண்டும். டி.என்.ஏ.வுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் நல்லது. உடல் அதில் கிடந்தால் விறைத்து நொறுங்கும் என்பதால் உடற்கூறுக்கு 70, 80 சதவீதம்தான் சரி. இரண்டு வேலைக்கும் ஒரே குப்பி என்று சோம்பல்பட்டால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். பழைய சேகரிப்புகளில் ஃபார்மலினில் கிடந்த நத்தைகள் அறுப்பதற்கு அருமையாக இருக்கும், டி.என்.ஏ. எடுக்கப் போனால் கையை விரித்துவிடும்.

கறுப்பு மெழுகு ஊற்றிய தட்டில், தண்ணீருக்கடியில், குண்டூசி குத்தி நத்தையை விரித்து வைப்போம். வலப்பக்கம் சுருண்ட ஓடுள்ள நத்தைக்கு வலது கண்கொம்பின் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும். அதுதான் இனப்பெருக்கத் துளை. தோலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வெளிறிய மஞ்சளில் ஒரு பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும் ஆல்புமின் சுரப்பி. முட்டைக்கு ஊட்டம் தருவது அது. அதிலிருந்து தடித்த, மடிப்பு மடிப்பான ஒரு குழாய் முன்னால் வரும். நிலநத்தைகளில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஒரே உடலில் உள்ள இருபால் உயிரிகள், அதனால் விந்துக்கும் முட்டைக்கும் அந்தத் தூரம்வரை ஒரே பாதை. பிறகுதான் பாதை பிரிகிறது. பெண் பக்கம் அகலமான யோனிக்குழாய். அதிலிருந்து ஒரு நீண்ட காம்பின் நுனியில் உருண்டையான பை. இணையிடம் வாங்கிய விந்தில் பெரும்பகுதி அங்கே போய்ச் செரித்துவிடும். ஆண் பக்கம் நூலைப்போல மெல்லிய விந்துநாளம் வளைந்து சென்று ஆண்குறியின் பின்முனையில் சேரும். சேரும் இடத்தில் சிலவற்றுக்குச் சாட்டை மாதிரி ஒரு வால் நீண்டிருக்கும், சிலவற்றுக்கு இருக்காது.

அந்தச் சாட்டை இருக்கிறதா, எவ்வளவு நீளம், ஆண்குறியை இழுக்கும் தசை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, கண்கொம்பை இழுக்கும் தசை ஆண் குழாய்க்கும் பெண் குழாய்க்கும் நடுவே புகுந்து போகிறதா அல்லது விலகிப் போகிறதா, ஆண்குறியைக் கத்தரித்து விரித்தால் உட்சுவரில் மேடுகள் எத்தனை, எப்படி ஓடுகின்றன: இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, நுண்ணோக்கியில் பொருத்திய வரைகருவியின் வழியாகப் படம் வரைய வேண்டும். கேமரா இருந்தும் ஏன் வரைய வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். வரையும்போதுதான் "இந்தக் குழாய் உண்மையில் எங்கே முடிகிறது?" என்ற கேள்விக்குத் தப்பிக்க முடியாமல் பதில் தேட வேண்டியிருக்கிறது. புகைப்படம் குழப்பத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடும்.

இனப்பெருக்க உறுப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பாறை இடுக்கா, மரக்கிளையா என்பதெல்லாம் அதை நேரடியாகத் தொடுவதில்லை. ஓட்டின் வடிவத்தை மாற்றும் அழுத்தங்களிலிருந்து அது பெருமளவு விலகியிருக்கிறது. அதற்குள்ளேயே வேறொரு போட்டி நடக்கிறது. கொடுக்கும் விந்து உயிரோடு இருக்க வேண்டும் என்பது கொடுப்பவரின் தேவை. எதை வைத்துக்கொள்வது, எதைச் செரிப்பது என்பது வாங்குபவரின் உரிமை. தோட்டத்து நத்தை என்று பலரும் அறிந்த ஐரோப்பிய நத்தைக்கு இணைசேரும்போது இணையைக் குத்தும் ஒரு சுண்ணாம்பு அம்பு உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், குறுக்கே வெட்டினால் கத்தி போன்ற நான்கு விளிம்புகள். இதற்குக் காதல் அம்பு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், குத்துப்படும் நத்தையைக் கேட்டுவிட்டு வைத்த பெயர் இல்லை. அம்பில் விந்து இல்லை. அதில் பூசிய கோழைதான் உடலுக்குள் போய், விந்தைச் செரிக்கும் பைக்குப் போகும் வழியைக் கொஞ்ச நேரம் இறுக்கி, அதிக விந்து பிழைக்க வழிசெய்கிறது. இப்படி இழுபறி நடக்கும் இடத்தில் உறுப்புகள் வேகமாக மாறும், கிளைக்குக் கிளை வேறுபடும். நமக்கு வேண்டியதும் அந்த வேறுபாடுதான்.

அனுபவத்தில் ஒரு கைக்கணக்கு உண்டு. உறுப்புகளின் நீள அகலம் மாறினால் பெரும்பாலும் இனங்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒரு உறுப்பே புதிதாக இருந்தாலோ, இருக்க வேண்டியது இல்லாமல் போனாலோ, குழாய்கள் இணையும் முறையே வேறாக இருந்தாலோ, பேரின அளவிலான பேச்சு ஆரம்பிக்கலாம். இது விதி அல்ல. கண் சிமிட்டும் ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

இந்த வழி புதிதல்ல. அமெரிக்கரான ஹென்றி பில்ஸ்பிரி 1890-களிலேயே ஹீலிக்ஸ் குவியலை உள்ளுறுப்புகளை வைத்துப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். காரகோரம் மலைகளை அளந்த காட்வின்-ஆஸ்டின் என்ற நில அளவையாளரின் பெயரைக் கே2 சிகரத்தின் வரலாற்றில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஒரு பனியாறு அவர் பெயரில் இருக்கிறது. அதே மனிதர் ஓய்வுபெற்ற பின் பல பத்தாண்டுகள் நத்தைகளை அறுத்து வரைந்துகொண்டிருந்தார் என்பது மலையேறுபவர்கள் அதிகம் பேசாத விஷயம். பிற்காலத்தில் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலன் சோலெம், ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதியில், ஓடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் உள்ளே முற்றிலும் வேறான நத்தைகளைக் குவியல் குவியலாகக் கண்டு, உடற்கூறை முக்கியச் சான்றாக வைத்துப் பல பேரினங்களை நிறுவினார். பின்னால் டி.என்.ஏ. வந்து சரிபார்த்தபோது அவற்றில் சில அப்படியே நின்றன, சில நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்று. ஆரம்ப வருடங்களில் ஒரு நத்தையை அறுத்து, யோனிக்குழாய் நூலாக, சுரப்பிகள் இல்லாமல், ஆண்குறி உள்ளே வழவழவென்று மேடே இல்லாமல் இருப்பதைக் கண்டு இரண்டு நாள் தூங்கவில்லை. இப்படி எளிமையான அமைப்பு அந்தக் குடும்பத்தில் எதிலும் இல்லை, புதுப் பேரினம்தான் என்று மனதுக்குள் பெயர்கூட வைத்தாயிற்று. மூத்த ஆய்வாளர் ஒருவர் உடலைப் பார்க்கவேயில்லை. ஓட்டை எடுத்து வாயின் விளிம்பை நகத்தால் தடவினார். "உதடு எங்கே?" என்றார். நன்கு வளர்ந்த நத்தைக்கு அந்தக் குடும்பத்தில் ஓட்டின் வாய் விளிம்பு தடித்து வெளியே மடங்கியிருக்கும். என்னுடையது மெல்லிய, கூரிய விளிம்பு. நான் வரைந்தது ஒரு சிறுவனை. உறுப்புகள் இன்னும் வளரவே இல்லை. அன்றிலிருந்து ஓட்டின் உதட்டைப் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை.

வயதில் மட்டும் இல்லை, வேறு வகையிலும் உடற்கூறு ஏமாற்றும். சில மிகச் சிறிய நத்தைகளில், ஒரே இனத்தில், சில தனி நத்தைகளுக்கு ஆண்குறியே இருக்காது. வால்லோனியா, வெர்ட்டிகோ இரண்டிலும் இது தெரிந்த விஷயம். ஒரே ஒரு நத்தையை அறுத்துவிட்டு "உறுப்பு இல்லை, புதுப் பேரினம்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். நாக்கில் உள்ள பல்வரிசையான ராடுலாவும் அப்படித்தான். ஊன் தின்னும் நத்தைகளுக்குப் பற்கள் நீண்டு கூராகிவிடும், ஊன் தின்னும் பழக்கமோ பல வம்சங்களில் தனித்தனியாக வந்தது.

பெரிய ஏமாற்றம் அம்பு விஷயத்தில் நடந்தது. ஆசியா, ஆஸ்திரேலியாப் பக்கத்து நத்தைகளில் அம்புக் கருவி உள்ளவை பிராடிபேனிடே, இல்லாதவை கமேனிடே என்று இரண்டு குடும்பங்களாக வெகுகாலம் வைத்திருந்தார்கள். பார்க்கத் தெளிவான பிரிவு. 2007-இல் மரபணு மரம் வரைந்து பார்த்தபோது, அம்புள்ளவை அம்பில்லாதவற்றின் நடுவே உள்ளுக்குள் அமர்ந்திருந்தன. போதாததற்கு, கமேனிடே என்று சேர்த்து வைத்திருந்த அமெரிக்கப் பக்கத்து நத்தைகள் வேறொரு கிளையில் தூரமாக நின்றன. இல்லாமை என்பது பலவீனமான சான்று. ஒரு உறுப்பை இழப்பது எளிது, எத்தனை வம்சத்திலும் நடக்கலாம். இன்று பிராடிபேனிடேயைக் கமேனிடேக்குள் அடக்கியே பலரும் எழுதுகிறார்கள்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் போதுமே" என்று தோன்றும். அதுவும் ஏமாற்றும், அதன் வழியில்.

வேலை என்னவோ எளிதாகத்தான் தோன்றும். பாதத்துண்டை நொதியில் கரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய மரபணுத் துண்டைப் பி.சி.ஆரில் பெருக்கி, எழுத்து வரிசையைப் படிக்க வேண்டும். நத்தையில் முதல் எதிரி அதன் கோழை. அதில் உள்ள மாவுச்சத்து போன்ற நீண்ட மூலக்கூறுகள் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்து பி.சி.ஆரை முடக்கிவிடும். குப்பியில் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது கஞ்சி மாதிரி இழுபட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான், திரும்பக் கழுவ வேண்டும். எல்லோரும் முதலில் எடுப்பது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும், தனக்கென்று தனி டி.என்.ஏ. உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் சுமார் 650 எழுத்துகள். 1994-இல் வெளியான ஒரு ஜோடி பொதுத் தொடக்கிகள் (பி.சி.ஆர். எங்கிருந்து நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஏராளமான விலங்குகளில் வேலை செய்வதால் இது பழக்கமாகிவிட்டது. கூடவே 16எஸ் என்ற மற்றொரு மைட்டோகாண்ட்ரிய மரபணு. இரண்டும் தாய்வழியாக வரும், வேகமாக மாறும்.

எவ்வளவு வேகம் என்பதில்தான் சதவீதக் கணக்கு அடிபடுகிறது. செபேயா நெமோராலிஸ் என்ற ஐரோப்பிய நத்தையில், ஒரே இனத்துக்குள், 16எஸ் வரிசை 12 சதவீதத்துக்கு மேல் வேறுபடுவதை 1996-இலேயே காட்டிவிட்டார்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 9 சதவீதம்தான். நத்தைகள் நகராமல் ஒரே இடத்தில் பல்லாயிரம் வருடம் தனித்தனிக் கூட்டங்களாகவே கிடப்பதும், மைட்டோகாண்ட்ரியா வேகமாக மாறுவதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எனவே "சி.ஓ.ஐ.யில் 15 சதவீதம் வேறுபட்டது, ஆகவே புதுப் பேரினம்" என்று யாராவது எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். நத்தைக்கு அது ஒரே இனத்தில் இரண்டு மலைகளில் வாழும் கூட்டங்களாகக்கூட இருக்கலாம்.

அதனால் உட்கரு மரபணுக்களும் வேண்டும். 28எஸ், ஐ.டி.எஸ்.2, ஹிஸ்டோன் 3 என்று மெதுவாக மாறுபவற்றைச் சேர்ப்பார்கள். மைட்டோகாண்ட்ரியா சொல்வது தாய்வழிக் கதை மட்டும். என்றோ ஒரு கலப்பில் பக்கத்து இனத்தின் மைட்டோகாண்ட்ரியா உள்ளே புகுந்திருந்தால் அது வேறொரு தாயின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். உட்கரு இரு பெற்றோரிடமிருந்தும் வருகிறது. இரண்டும் ஒரே மரத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும், காட்டாவிட்டால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். பொதுத் தரவுத்தளங்களில் கிடைக்கும் வரிசைகளை அப்படியே நம்பவும் கூடாது. தவறான பெயரில் ஏற்றப்பட்ட நத்தைகள் அங்கே கணிசம். ஓடோ உடலோ எங்காவது பாதுகாப்பில் இருக்கும் வரிசைகளைத்தான் நான் மரத்தில் சேர்ப்பேன்.

இப்போது கோடு எங்கே விழும் என்பது. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அனைவரும். பங்காளிகளில் ஒருவரை மட்டும் "உன் மூக்கு வேறு மாதிரி இருக்கிறது" என்று பத்திரத்திலிருந்து நீக்கிவிட்டுக் குடும்பச் சொத்தைப் பிரிக்க முடியாது அல்லவா, அப்படி.

'க' என்ற பழைய பேரினத்தில் பன்னிரண்டு இனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கிடைத்த நத்தை ஓட்டில் 'க'வைப் போலவே இருக்கிறது. மரம் வரைந்தால் மூன்று விதமாக விழலாம். புதியது 'க'வின் பன்னிரண்டுக்கும் நடுவே எங்கோ அமர்ந்தால், உறுப்புகள் எவ்வளவு விநோதமாக இருந்தாலும் அதற்குத் தனிப் பேரினம் கிடையாது. கொடுத்தால் 'க' உடைந்துபோகும், மிச்சமிருப்பது ஒரு மூதாதையின் முழு வாரிசுக் கூட்டமாக இருக்காது. இதை வைத்துக்கொண்டே தீருவேன் என்றால் 'க'வையே நான்கு துண்டாக்க வேண்டும், அது வேறு வேலை. இரண்டாவது, புதியது 'க'வுக்கு வெளியே, ஆனால் அதற்கு மிக நெருங்கிய சகோதரக் கிளையாக நின்றால், இரண்டும் சரி. உள்ளே சேர்த்துக்கொள்ளலாம், தனியாகவும் வைக்கலாம். இங்கேதான் உடற்கூறின் வாக்கு எடை பெறுகிறது. 'க'வின் பன்னிரண்டிலும் சாட்டை இருந்து, புதியதில் அதற்குப் பதில் வேறெதிலும் இல்லாத ஒரு பை இருந்தால் தனியாக வைப்பது நியாயம். வேறுபாடு சாட்டையின் நீளத்தில் மட்டும் என்றால் நான் உள்ளே சேர்த்துவிடுவேன். ஒரே ஒரு இனத்துக்காக ஒரு பேரினத்தை எழுப்புவது பலருக்கு ஆசை, எனக்குச் சலிப்பு. மூன்றாவது, ஓட்டில் 'க' போல இருந்தும் மரத்தில் 'ப'வின் பக்கம் போய் நின்று, 'ப'வுக்குள்ளும் அடங்காமல், உறுப்புகளும் 'க'வோடு ஒத்துவராமல் இருந்தால், அதுதான் நல்ல பேரினம். ஓடு மட்டும் ஒரு பக்கம், உறுப்பும் இரு வகை மரபணுவும் சேர்ந்து மறுபக்கம். அறுப்பதும் எதற்கு, டி.என்.ஏ.வும் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. இரண்டும் ஏமாற்றும், ஆனால் வெவ்வேறு காரணங்களால் ஏமாற்றும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொல்வது அரிது.

இதில் வெளியாட்கள் கவனிக்காத ஒரு முடிச்சு உண்டு. 'க' என்ற பெயர் யாருக்குச் சொந்தம்? பன்னிரண்டு இனங்களுக்கும் சமமாக இல்லை. அதில் ஒன்று பேரினத்தின் வகை இனம். பேரினம் எத்தனை துண்டாக உடைந்தாலும் பெயர் அந்த ஒன்று இருக்கும் துண்டோடுதான் போகும். ஆகவே மரத்தில் 'க'வின் பதினொரு இனங்களைச் சேர்த்துவிட்டு வகை இனத்தைச் சேர்க்காவிட்டால், 'க' உண்மையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. புதியது என்று நினைத்ததே அசல் 'க'வாக இருக்கலாம். அந்த வகை இனமோ பெரும்பாலும் 150 வருடத்துக்கு முன் ஒரு வெற்று ஓட்டை வைத்துப் பெயரிட்டதாக இருக்கும். முதலில் சேகரித்த இடத்துக்கே போய் உயிருள்ள நத்தையைத் தேடிப் பிடிப்பதுதான் சிறந்த வழி. இடம் காடு அழிந்து வெட்டவெளி ஆகியிருந்தால் பழைய ஓட்டிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கப் பார்க்கலாம். காலபகோஸ் தீவுகளில் அழிந்துபோயிருக்கலாம் என்று கருதப்பட்ட நத்தைகளின் வெற்று ஓடுகளிலிருந்து 2016-இல் அப்படி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஒத்துவந்த பின்தான் பெயர். சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1930-க்குப் பின் வெளியாகும் பேரினப் பெயருக்கு வேறுபடுத்திக் காட்டும் விவரிப்பும், வகை இனம் இன்னது என்ற அறிவிப்பும் கட்டாயம். அந்தப் பெயர் விலங்குலகில் வேறெதற்கும், ஒரு வண்டுக்கோ மீனுக்கோகூட, முன்பு வைக்கப்பட்டிருக்கக் கூடாது. மின்னிதழில் வெளியிட்டால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு வேண்டும், இது 2012 முதல். பழைய பெயர் ஏதாவது தூசியில் கிடக்கிறதா என்றும் தேட வேண்டும். கிடைத்தால் அதற்குத்தான் முன்னுரிமை. நூலகத்தில் இதற்குப் போகும் நேரம் சில சமயம் ஆய்வகத்தில் போனதைவிட அதிகம்.

பெயர் விஷயம் எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு அந்தத் தோட்டத்து நத்தையையே காட்டலாம். 1774-இல் அது ஹீலிக்ஸ் ஆஸ்பெர்சா. ஹீலிக்ஸ் குவியல் பிரிந்தபோது அதைக் கான்டேரியஸ் என்ற பேரினத்தில் சிலர் வைத்தார்கள், அப்போது ஆஸ்பெர்சஸ். வேறு சிலர் கோர்னு என்ற பழைய பெயரை எடுத்தார்கள், அப்போது ஆஸ்பெர்சம். லத்தீனில் பேரினத்தின் பால் மாறினால் இனப் பெயரின் வாலும் மாற வேண்டும், பெண்பால், ஆண்பால், அலிப்பால் என்று மூன்றும் பார்த்துவிட்டது அந்த நத்தை. கோர்னு என்ற பெயர் 1778-இல் எதற்கு வைக்கப்பட்டது தெரியுமா? சுருள் இறுகாமல் பிரிந்து கொம்பு மாதிரி வளர்ந்த ஒரு கோணல் ஓட்டுக்கு. வைத்தவருக்கு அது ஊனமான தோட்டத்து நத்தை என்று தெரியாது, புது விலங்கு என்று நினைத்துவிட்டார். ஊனமான மாதிரிக்கென்றே வைத்த பெயர் செல்லாது என்று விதியில் இருப்பதால் கோர்னு செல்லுமா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்து, பெயரிடல் ஆணையம்வரை போய், செல்லும் என்று தீர்ப்பானது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், மூலக் கட்டுரை கிடைக்குமானால் முதலில் மரத்தின் படத்தைத் திறந்து, பழைய பேரினத்தின் வகை இனம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அல்லது தடித்த எழுத்தில் இருக்கும். பிறகு எத்தனை நத்தைகளை அறுத்தார்கள் என்று தேடுங்கள். ஒன்று என்று இருந்தால், அது வளர்ந்த நத்தையா என்று ஓட்டின் படத்தில் உதட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்.